நீட்சேயின் தலைவலியும் எங்கள் ஊர்ப் பிரசன்னமும்

உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் "இப்ப எப்படிங்க இருக்கு?" என்பார்கள். அதற்கு என்ன பதில் வந்தாலும் யாரும் அதைப் பெரிதாகக் காதில் வாங்குவதில்லை. கேட்க வந்த கேள்வி அடுத்தது: "எதனாலங்க வந்துச்சு?" பீடியா, சர்க்கரையா, கண்ட நேரத்தில் சாப்பிட்டதா, அவங்கப்பாவுக்கும் இருந்ததா. டாக்டர் ஒரு காரணம் சொல்லிவிட்டாலும் கேள்வி ஓய்வதில்லை. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, சரி, ஏன் இவருக்கு, ஏன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது?

எங்கள் பக்கம், அதாவது கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில், இந்தக் கேள்விக்காக இரண்டு திசையில் பஸ் ஏறலாம். கிழக்கே போனால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகள். காலை பஸ்ஸில் மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருப்பவர்கள் இல்லாத நாளே கிடையாது. மேற்கே போனால் பணிக்கர், அதாவது சோழி உருட்டிப் பிரசன்னம் வைத்துக் காரணம் சொல்லும் ஜோதிடர். தமிழ் பேசும் வீடுகள்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் மலையாள முறையின் மேல் எங்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தி. பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு பஸ்ஸிலும் ஏறுகிறவைதான்.

எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்த ஒரு பெரியவருக்குப் பிரசன்னம் வைத்தார்கள். தோட்டத்தில் நாகங்களுக்கென்று விட்டிருந்த சர்ப்பக்காவை, அந்தச் சின்னத் தோப்பை, இரண்டு தலைமுறைக்கு முன்னால் வெட்டி நிலமாக்கியது தெரிய வந்தது. நாகங்களுக்கு நூறும் பாலும் படைத்துப் பரிகாரம் செய்தார்கள். பெரியவரின் கை அப்படியேதான் இருந்தது, ஆனால் வீட்டில் எல்லாரும் அன்று ராத்திரி தூங்கினார்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தத் தூக்கம் ஏன் வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு ஜெர்மானியர், பாதிக் குருடாகவும் முக்கால் நோயாளியாகவும் இருந்துகொண்டு, எனக்குத் தெரிந்து வேறு யாரையும் விட நன்றாக விளக்கியிருக்கிறார்.

தத்துவவாதி பிரெடரிக் நீட்சே 1844 அக்டோபர் 15 அன்று ராக்கென் என்ற சிற்றூரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். அப்பா 1849ல் மூளை நோயால் 35 வயதில் இறந்தார், சில மாதங்களில் இரண்டு வயதுகூட நிறையாத தம்பியும் போனான். பள்ளி விடுதியில் படித்தபோதே தலைவலிக்காக அடிக்கடி நோயாளி அறையில் படுத்தவர். 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1870ல் பிரான்சோடு நடந்த போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்கப் போய், வயிற்றுக்கடுப்பும் தொண்டை அடைப்பானும் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்கப்புறம் உடம்பு நிமிரவே இல்லை. நாள்கணக்கில் விடாத தலைவலி, அதோடு வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கண். 1879ல், 34 வயதில், வேலையை விட்டார். வருஷத்துக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியம் கிடைத்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் கடுமையாகப் படுத்த நாள் 118 என்று ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். லேசான நாட்களை அவர் எண்ணவே இல்லையாம்.

பிறகு பத்து வருஷம் நல்ல காற்றைத் தேடி அலைச்சல். கோடையில் ஸ்விட்சர்லாந்தில் சில்ஸ் மரியா என்ற மலைக்கிராமம், குளிரில் ஜெனோவா, நீஸ், கடைசியில் டூரின். ஈரக்காற்றும் மேகமும் ஆகாது. வறண்ட காற்றும் தெளிந்த வானமும் இருக்கும் ஊர்களில்தான் மேதைகள் பிறப்பார்கள் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். (கர்க்கடக மாதத்து, நம் ஆடி மாதத்து, மழைக்கு அவரைப் பாலக்காட்டில் விட்டிருந்தால் ஒரே வாரத்தில் மூட்டை கட்டியிருப்பார். மழை மறைவில் காய்ந்து கிடக்கும் எங்கள் கிழக்குச் சித்தூர் ஒருவேளை பிடித்திருக்கலாம்.) தூக்கத்துக்கு குளோரல் ஹைட்ரேட். இத்தாலியில் மருந்துச் சீட்டில் தானே 'டாக்டர் நீட்சே' என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகவும், ஒரு கடைக்காரரும் நீங்கள் வைத்தியரா என்று கேட்டதில்லை என்றும் ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறார்.

நோய் அவர் எழுத்தில் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கண்ணைப் பரிசோதித்த டாக்டர் பல வருஷங்களுக்குப் படிக்கவும் எழுதவும் கூடாது என்று சொல்லிவிட்டார். மேசையில் உட்கார்ந்து நூறு புத்தகங்களைப் பார்த்து அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவது முடியாத காரியமானது. என்ன செய்வது? நடந்தார். தினமும் மணிக்கணக்கில் நடந்துகொண்டே யோசித்து, சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் பென்சிலால் கிறுக்கிக்கொள்வார். 1879ல் எழுதிய ஒரு முழுப் புத்தகமே, சில வரிகள் நீங்கலாக, இப்படி ஆறு சின்ன நோட்டுகளில் உருவானதுதான். அந்தக் கிறுக்கலைப் படித்துப் பிரதியெடுக்க கோசலிட்ஸ் என்ற நண்பர் ஒருவரால்தான் முடியும். நீட்சே என்றதும் நினைவுக்கு வரும் அந்த நறுக்குத் தெறித்த சின்னச் சின்னப் பத்திகளில், தலைவலி இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்த இடைவெளிக்கும் ஒரு பங்கு உண்டு. புத்தகப் புழுவாக இருந்த என்னைக் காப்பாற்றியதே என் கண்கள்தான் என்று அவரே பின்னால் எழுதினார். 1882ல் டென்மார்க்கிலிருந்து ஒரு தட்டச்சுப் பொறியும் வரவழைத்தார், உருண்டையாக முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். அது சீக்கிரமே பழுதாகிவிட்டது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா நோய்தான் அவரை ஞானியாக்கியது என்று முடித்துவிட்டால், அதுவும் பணிக்கர் வேலைதான். நீட்சேயே அதைச் சொல்ல மறுத்தவர். ஒரு புத்தகத்துக்கு 1886ல் எழுதிய முன்னுரையில், பெரிய வலி நம்மை நல்லவர்களாக்கும் என்பதில் தனக்குச் சந்தேகம் என்றும் ஆழமாக்கும் என்பது மட்டும் தெரியும் என்றும் சொல்கிறார். அதே இடத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கிறார். தத்துவவாதிகள் சாந்தி, முக்தி, மறுமை என்றெல்லாம் பேசியது உண்மையைக் கண்டதாலா, இல்லை உடம்பு சரியில்லாததாலா? நோயுற்ற உடம்பு ஓய்வைக் கேட்கிறது, அதற்கு மூளை பெரிய பெரிய பெயர்களை வைக்கிறது என்று சந்தேகப்பட்டார். நோயாளி எழுதிய தத்துவத்தை நோயாளியே சந்தேகிப்பது அபூர்வம். இந்த நேர்மைக்காகவே அவருடைய மற்ற மிகைகளை நான் பொறுத்துக்கொள்வதுண்டு.

இனி அந்தத் தூக்கத்துக்கு வருவோம். 1887ல் வந்த 'அறநெறியின் வம்சாவளி' நூலின் மூன்றாவது பகுதியில் அவர் சொல்வது இது. துன்பப்படுகிறவன் எவனும் முதலில் தேடுவது காரணத்தை. அதைவிட முக்கியமாக, அந்தக் காரணம் ஓர் ஆளாக, குற்றவாளியாக இருக்க வேண்டும். ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால் அது பித்தநீர் கூடியதாக இருக்கலாம், ரத்தத்தில் ஏதோ உப்பு குறைந்ததாக இருக்கலாம், வயிற்றுக் கோளாறாகக்கூட இருக்கலாம். ஆனால் பித்தநீர் மேல் கோபப்பட முடியாது. ஓர் ஆள் மேல் கோபப்படும்போது அந்தக் கோபத்தின் சூட்டில் வலி கொஞ்சம் மரத்துப்போகிறது. அது ஒரு மயக்க மருந்து. இதைப் புரிந்துகொண்டவர் பூசாரி. (அவர் மனதில் இருந்தது கிறிஸ்தவக் குருமார்; எங்கள் ஊருக்கும் பொருந்தும்.) யாரோ ஒருவர் காரணமாக இருக்கத்தான் வேண்டும் என்று ஆடு கத்துகிறது; ஆமாம் ஆடே, நீ சொல்வது சரி, ஆனால் அந்த ஒருவர் நீயேதான் என்கிறார் மேய்ப்பர். உன் பாவம். வேட்டை அப்படியே உள்பக்கம் திரும்பிவிடுகிறது.

இது வேலை செய்யவில்லை என்று நீட்சே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாகவே வேலை செய்தது என்கிறார். மனிதனுக்குச் சாபமாக இருந்தது துன்பம்கூட இல்லை, எதற்காக இந்தத் துன்பம் என்பதற்குப் பதில் இல்லாததுதான். பாவம், தண்டனை, பிராயச்சித்தம் என்று ஒரு பதில் கிடைத்ததும், மோசமான பதிலாக இருந்தாலும், மனிதனால் வாழ முடிந்தது. கூடவே குற்ற உணர்வு என்ற புதிய நோயும் வந்து சேர்ந்தது, அதுதான் விலை. சர்ப்பக்காவை வெட்டிய கொள்ளுத்தாத்தா எப்போதோ செத்துப்போனவர், அவர் மேல் பழி விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லையே. "இவ கால் வெச்ச நேரம்" என்று மருமகள் மேல் விழுந்த வீடுகள் உண்டு. பிறந்த நட்சத்திரத்துக்காகக் குழந்தை மேல் விழுந்த வீடும் உண்டு. பழி எப்போதும் பள்ளத்தைத்தான் பார்த்து ஓடும். ஆள் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது போன ஜன்மம். அங்கே போய் யாரும் சாட்சி விசாரிக்க முடியாது.

சரி, பழி தேடாமல் ஒரு நோயாளி என்ன செய்வான்? அவர் சொந்தமாகக் கண்ட வழிக்கு 'ரஷ்ய விதிவாதம்' என்று பெயர் வைத்தார். படையெடுப்பு தாங்க முடியாமல் போகும்போது ரஷ்யச் சிப்பாய் பனியில் பேசாமல் படுத்துவிடுவானாம். எதிர்ப்பதில்லை, புலம்புவதில்லை, இருக்கிற கொஞ்சம் சக்தியைச் செலவழிப்பதில்லை. நோயாளிக்கு மிகவும் கெடுதலானது மனக்கறுவல், அது அவனை நோயைவிட வேகமாக எரித்துவிடும் என்கிறார். இந்த இடத்தில் புத்தரை ஆழ்ந்த உடலியல் அறிஞர் என்று பாராட்டுகிறார். பாவத்தோடு போராடு என்று சொல்லாமல் துன்பத்தோடு போராடு என்று சொன்னது பௌத்தம் என்று வேறொரு புத்தகத்தில் மெச்சுகிறார். இதைப் படிக்கும் தமிழருக்குப் புறநானூற்றின் 192ஆம் பாட்டு ஞாபகம் வராமல் இருக்காது. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியை மட்டும் மேடையில் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். அடுத்த வரிகளில் கணியன் பூங்குன்றனார், தீதும் நன்றும் பிறர்தர வாரா என்று சொன்ன கையோடு நோதலும் தணிதலும்கூட அப்படித்தான் என்கிறார். பேராற்று நீர்வழிப் போகும் புணையைச் சொல்லிவிட்டு, ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று போய் நிற்கிறார். 'பிறர்தர வாரா' என்பதை உன் வினைதான் காரணம் என்று மேய்ப்பர் குரலில் படிக்கிறவர்கள் உண்டு. கடைசி வரிகளைச் சேர்த்துப் படித்தால் அதில் பழி சொல்லும் தொனியே இல்லை.

இதையெல்லாம் தத்துவம் படிக்காமலே கடைப்பிடிக்கிறவர்களை எங்கள் பக்கம் பார்க்கலாம். 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்திலிருந்து வளர்ந்து, 2008ல் கேரள அரசு, நோயைக் குணமாக்க முடியாவிட்டாலும் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. இந்தியாவில் முதல் மாநிலம். அதன் பலன், பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் வீட்டுக்கே வருவார். மேலே சொன்ன பெரியவர் வீட்டுக்கும் வந்தார். முற்றத்துக் குழாயில் கை கழுவிவிட்டு உள்ளே போய், மருமகளின் உதவியோடு அவரை ஒருக்களித்துப் புரட்டி, இடுப்புப் புண்ணைத் துடைத்துக் கட்டி, மூத்திரக் குழாயை மாற்றி, எல்லாம் முடிகிற வரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக. "எவ்விடயாணு வேதனை, அப்பா? இங்கயா? ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டு நோட்டில் எழுதுவார். அதே தெருவில் புற்றுநோயோடு இருந்த இன்னொருவருக்கு மார்பின் மாத்திரை. அவரிடம் கூடுதலாக ஒரு கேள்வி: வெளிக்குப் போச்சா? மார்பின் சாப்பிட்டால் மலச்சிக்கல் நிச்சயம், அதற்கும் சேர்த்து மருந்து தந்தாக வேண்டும். இந்த மார்பினுக்கும் ஒரு கதை உண்டு. சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாட்டில், 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடிக்கும் நோயாளிக்கு மார்பின் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 2014ல்தான் திருத்தம் வந்தது. வலியை எதற்காகவாவது தாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நினைப்பு மேய்ப்பரிடமும் பணிக்கரிடமும் மட்டும் இருந்ததில்லை, கோப்புகளிலும் இருந்திருக்கிறது.

பழி தேடுவதை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய மனிதரின் நோயைச் சுற்றித்தான் அப்புறம் பெரிய பழிவேட்டையே நடந்தது. ஆரம்பித்து வைத்தவர், ஒரு காலத்தில் அவர் தெய்வமாகக் கொண்டாடிய இசைமேதை வாக்னர். 1877ல் நீட்சேயைப் பரிசோதித்த டாக்டருக்கு வாக்னரே கடிதம் எழுதி, கண் போனதற்கும் தலைவலிக்கும் காரணம் கைப்பழக்கம்தான் என்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். நம்மூர் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் நினைவுக்கு வந்தால் அது என் தப்பில்லை. விஷயம் பின்னால் நீட்சேயின் காதுக்கும் எட்டியது, மரண அவமானமாக எடுத்துக்கொண்டார். 1889 ஜனவரி 3 அன்று டூரின் தெருவில் விழுந்து புத்தி பேதலித்த பிறகு, ஜெனா மருத்துவமனையில் மேகநோய் (சிபிலிஸ்) முற்றி மூளையைத் தாக்கியது என்று எழுதினார்கள். அந்த நோயின் கிருமியே 1905ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தப் பரிசோதனை வந்தது அதற்கடுத்த வருஷம். ஆக அது கண்ணால் பார்த்துச் சொன்ன முடிவு. ஆனாலும் கடவுள் செத்தார் என்று எழுதியவனுக்குக் கிடைத்த கூலி என்று சொல்ல அது எவ்வளவு வசதியாக இருந்தது! தங்கை எலிசபெத் அந்தப் பழியை மறுக்க வேறொன்று சொன்னாள்: அதிக உழைப்பு, தூக்க மருந்து, யாரோ கொடுத்த ஜாவா நாட்டு மருந்து. 2003ல் ஒருவர் கண்ணுக்குப் பின்னால் கட்டி என்றார், 2006ல் மூளைத் தேய்வு என்றார்கள், 2008ல் மரபணு வழி வரும் மூளை ரத்தக்குழாய் நோய் என்றார்கள். இந்தக் கடைசி வகை விளக்கங்களில் குற்றவாளி இல்லை, அதனாலோ என்னவோ பரவவும் இல்லை.

இனிச் சொல்லப்போவதை அவருடைய ரசிகர்கள் விரும்ப மாட்டார்கள். 'என்னைக் கொல்லாதது என்னை வலுவாக்கும்' என்ற வரி ஜிம் சுவரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடுகிறதே, அது 1888ல் எழுதிய 'விக்கிரகங்களின் அந்தி' என்ற புத்தகத்தில் வருகிறது, வாழ்க்கை என்னும் போர்ப் பள்ளியிலிருந்து என்ற குறிப்போடு. அதே புத்தகத்தில், மருத்துவர்களுக்கான அறம் என்று தலைப்பிட்டு இன்னொரு பத்தி இருக்கிறது. நோயாளி சமூகத்தின் ஒட்டுண்ணி என்கிறது அது. ஒரு கட்டத்துக்குமேல் டாக்டரையும் மருந்தையும் நம்பி உயிரோடு இருந்துகொண்டிருப்பது அநாகரிகம் என்கிறது. இதை எந்த ஸ்டேட்டஸிலும் போட மாட்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே காசின் இரு பக்கமாகத்தான் தெரிகிறது. வலி எதையாவது தர வேண்டும், ஆழமோ வலுவோ ஒரு புத்தகமோ. தராத வலியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பாவத்தின் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டவர், பலனின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பத்தியை எழுதிச் சில மாதங்களில் டூரின். அதன் பிறகு 11 வருஷத்துக்கும் மேல் அவர் உயிரோடு இருந்தார், ஒரு புத்தகம்கூடப் புதிதாக எழுதாமல், வரவர ஆளைக்கூட அடையாளம் தெரியாமல். 1890லிருந்து நவும்பர்க் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் தாய் பிரான்சிஸ்கா, போதகரின் விதவை, மகனின் புத்தகங்களால் மனம் நொந்தவர். இந்த அம்மாவைப் பற்றித்தான் நீட்சே நினைவு தவறுவதற்கு முன் கடைசியாகத் திருத்திய பக்கங்களில் ஒன்றில், வாழ்க்கை அப்படியே திரும்பத் திரும்ப வரும் என்ற தன் கொள்கைக்கே பெரிய ஆட்சேபணை அம்மாவும் தங்கையும்தான் என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கம் பல பத்தாண்டுகள் அச்சேறாமல் இருந்தது. 1897ல் அம்மா இறந்தார். தங்கை அவரை வைமாருக்குக் கொண்டுபோய், வெள்ளை அங்கி போட்டு, வருகிற பெரிய மனிதர்களுக்குத் தரிசனம் காட்டினாள். படுத்த படுக்கையாகக் கிடந்தவரை மகானாக்கிவிட்டால் அந்தத் துன்பத்துக்கும் ஒரு பயன் வந்துவிடும் அல்லவா. 1900 ஆகஸ்ட் 25 அன்று அவர் இறந்தார்.

அந்த வருஷங்களுக்கு அவருடைய தத்துவத்தில் இடமே இல்லை. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அம்மா, நண்பர் ஓவர்பெக்குக்கு எழுதிய கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். 1937ல் தனிப் புத்தகமாகவே வந்தது. மகன் என்ன சாப்பிட்டான், எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, பியானோவில் உட்கார்ந்தானா என்று இப்படியே போகும். நீட்சேயைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றிலிருந்து நோயின் அறிகுறிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதியைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.